பாதி ஊரும் இரண்டு நாய்களும்

கிழக்கு ஜெர்மனியை விட்டு 24 வயதில் வெளியேறிய ஒரு பெண், 65 வயதில் பிறந்த ஊருக்கு ஒரு மாதம் தங்க வந்தார். எல்லை ஊரான கெர்லிட்ஸில் அவருக்கு முதலில் வழிவிட்டவை நாய்கள்தான்.

ஐரோப்பாவின் பெரும்பகுதி தன் கடிகாரத்தைத் திருத்தி வைத்துக்கொள்வது இந்த ஊரை வைத்துத்தான். இந்தியாவின் நேரத்தை மிர்ஸாபூர் பக்கம் ஓடும் 82.5 டிகிரி தீர்க்கரேகை நிர்ணயிப்பது போல, மத்திய ஐரோப்பிய நேரத்தை நிர்ணயிக்கும் 15 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகை கெர்லிட்ஸ் நகரத்தின் ஊடே போகிறது. அதற்கு ஒரு கல்லும் நட்டு வைத்திருக்கிறார்கள். ஜெர்மனியின் கிழக்குக் கோடி ஊர் இது. நைஸ்ஸே நதியைத் தாண்டினால் போலந்து. நதி என்றதும் காவிரியை நினைத்துக்கொள்ள வேண்டாம். இந்தக் கரையில் கூப்பிட்டால் அந்தக் கரையில் திரும்பிப் பார்ப்பார்கள், அவ்வளவுதான் அகலம்.

டிரெஸ்டனிலிருந்து கிழக்கே சுமார் 100 கிலோமீட்டர் ரயில் பயணம். இந்தப் பணக்கார நாட்டில் இன்னும் டீசல் ரயில்தான். போலந்துக்காரர்கள் தங்கள் மின்கம்பியை எல்லை வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். ஜெர்மன் பக்கம் கம்பி இல்லை. 2025 செப்டம்பரில் அந்த டீசல் ரயிலில் வந்து இறங்கிய பெண்மணியின் கையில் ஒரு பெட்டி, இரண்டு கயிறுகள். ஒரு கயிற்றில் 11 வயதான லோட்டே. குட்டைக் கால், நீள உடம்பு கொண்ட டாக்ஸ்ஹுண்ட். இன்னொன்றில் ப்ரூனோ, 30 கிலோ எடை, இனம் சொல்ல முடியாத ருமேனியத் தெருநாய்.

ஜெர்மனியில் தெருநாய்கள் கிடையாது. நாய் வளர்க்க ஆசைப்படுபவர்களும் இரக்கப்படுபவர்களும் ருமேனியாவிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் தெருநாய்களை வரவழைத்துக்கொள்கிறார்கள். சென்னையில் மாநகராட்சி வண்டியைக் கண்டு ஓடும் நம்மூர் நாய்களுக்கு இந்த விஷயம் தெரிந்தால் பாஸ்போர்ட் கேட்கும். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ஐரோப்பிய யூனியனில் எல்லை தாண்டும் நாய்க்கு நிஜமாகவே பாஸ்போர்ட் உண்டு. நீல அட்டை, தோலுக்கடியில் மைக்ரோசிப், வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டு 21 நாள் ஆன பதிவு. இவை இருந்தால்தான் பயணம். ரயிலிலும் சட்டம் உண்டு. கூடைக்குள் அடங்கும் சின்ன நாய்க்கு டிக்கெட் வேண்டாம். ப்ரூனோ மாதிரி ஆளுக்கு டிக்கெட், கயிறு, வாய்க்கூடு மூன்றும் வேண்டும். டிக்கெட் வாங்கினாலும் சீட் கிடையாது, தரைதான்.

இது போதாதென்று நாய்வரி வேறு. இதை வசூலிப்பது மத்திய அரசல்ல, அந்தந்த ஊர் நிர்வாகம். பெர்லினில் முதல் நாய்க்கு ஆண்டுக்கு 120 யூரோ, அடுத்த ஒவ்வொரு நாய்க்கும் 180. இரண்டாவது குழந்தைக்குச் சலுகை தரும் நாட்டில் இரண்டாவது நாய்க்கு அபராதம். நாடு முழுவதும் சுமார் ஒரு கோடி நாய்கள். ஆண்டுக்கு 40 கோடி யூரோவுக்கு மேல் வரி வசூலாகிறது.

இத்தனை பாரத்தையும் இழுத்துக்கொண்டு அவர் கொலோன் நகரத்திலிருந்து வந்ததற்குக் காரணம் ஒரு கடிதம். எழுதியவர் அவரது தம்பி. எழுதியவர் என்றுகூடச் சொல்ல முடியாது. கல்லறைத் தோட்ட நிர்வாகம் தனக்கு அனுப்பிய நோட்டீஸின் நகலை மடித்து, கீழே ஒரே ஒரு வரி சேர்த்து அனுப்பியிருந்தார்: என்ன செய்யலாம், சொல்.

ஜெர்மனியில் கல்லறை சொந்தம் அல்ல, குத்தகை. ஊருக்கு ஊர் 20 ஆண்டு, 25 ஆண்டு என்று தவணை மாறும். தவணை முடிந்தால் பணம் கட்டி நீட்டிக்க வேண்டும். கட்ட ஆளில்லை என்றால் கல்லை எடுத்துவிட்டு மண்ணைச் சமப்படுத்தி, இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். இவர்களுடைய அப்பா இறந்தது 1987-ல். அம்மாவை அதே இடத்தில் 2005-ல் புதைத்தார்கள். இருபது வருடம் முடிந்துவிட்டது.

அப்பாவின் இறுதிச் சடங்குக்கு மகள் வரவில்லை. வரவிடவில்லை. 1983-ல் அவர் நாட்டை விட்டு வெளியேற அனுமதி கேட்டு மனு கொடுத்தார். கம்யூனிஸ்ட் ஆட்சியிலிருந்த கிழக்கு ஜெர்மனியில் அப்படி ஒரு மனு கொடுப்பது, வேலையை விட்டுவிட்டேன், நண்பர்களை இழக்கத் தயார் என்று கையெழுத்துப் போடுவதற்குச் சமம். 1984-ல் அரசு திடீரென்று ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது. அந்த ஆண்டு மட்டும் 30,000 பேருக்கு மேல் வெளியேறினார்கள். இவருக்குக் கிடைத்த அவகாசம் ஒரு நாள். அதற்குள் பெட்டி கட்டி ரயிலேற வேண்டும். அப்படிப் போனவர்கள் உறவினர் சாவுக்குக்கூடத் திரும்பி வருவது அபூர்வம்.

போனவர் பாடு ஒன்று, இருந்தவர் பாடு வேறு. தம்பிக்கு அப்போது 20 வயது. ராணுவச் சேவையை முடித்துவிட்டு டிரெஸ்டனில் பொறியியல் படிக்க இடத்துக்குக் காத்திருந்தார். இடம் வரவில்லை. காரணத்தை யாரும் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. ஊரில் இருந்த ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வெல்டராகச் சேர்ந்தார். பெர்லின் சுவர் விழுந்த பிறகு அக்கா 1990-ல் ஒருநாள் வந்து போனார், அம்மாவின் சாவுக்கு 2005-ல் வந்து போனார். இரண்டு முறையும் இரவு தங்கவில்லை. தம்பியும் தங்கச் சொல்லவில்லை.

இந்த முறை அவர் ஒரு மாதத்துக்கு வீடு எடுத்தார். அதற்கு ஊரே ஒரு யோசனை கொடுத்திருந்தது. வீடு மிஞ்சி ஆள் குறைந்த ஊர் இது. நாற்பதுகளின் கடைசியில், கிழக்கிலிருந்து விரட்டப்பட்ட அகதிகள் வந்து குவிந்ததில் மக்கள்தொகை லட்சத்தைத் தொட்டது. இப்போது சுமார் 56,000. 2008 முதல் அவ்வப்போது ‘சோதனைக் குடியிருப்பு’ என்று ஒரு திட்டம் நடத்தினார்கள். சில வாரம் வந்து இருந்து பாருங்கள், பிடித்தால் தங்குங்கள் என்று வெளியூர்க்காரர்களுக்கு அழைப்பு. பத்திரிகையில் அதைப் படித்த ஞாபகத்தில், திட்டத்துக்காகக் காத்திராமல் தன் செலவிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கத் தீர்மானித்தார் அந்தப் பெண்மணி.

முதல் மூன்று நாள் யாரையும் அடையாளம் தெரியவில்லை, யாருக்கும் அவரைத் தெரியவில்லை. ஆனால் காலை ஆறரைக்கு இரண்டு நாயோடு வெளியே இறங்கும் ஒரு மனுஷி ஜெர்மனியில் அனாதை இல்லை. அறிமுகமில்லாதவரிடம் வானிலையைக்கூடப் பேசத் தயங்கும் ஜெர்மானியர்கள் நாயிடம் தயங்குவதில்லை. குனிந்து லோட்டேயிடம் வயதைக் கேட்பார்கள். பதிலை நிமிர்ந்து எஜமானியிடமிருந்து வாங்கிக்கொள்வார்கள். அப்படித்தான் நான்காம் நாள் நதிக்கரையில், ஊன்றுகோலோடு நின்ற ஒரு கிழவி அவருடைய பேச்சைக் கேட்டுவிட்டு, நீ இந்த ஊர்க்காரிதானே என்றார். நாற்பது வருடம் கொலோனில் இருந்தும் அந்த ‘ர’கரம் போகவில்லை. நாவின் நடுவில் உருளும் அந்த ‘ர’ இந்த வட்டாரத்துக்கே உரியது. மேற்கே போன புதிதில் அதைச் சொல்லிச் சிரித்தவர்கள் உண்டு.

அவர் வளர்ந்த தெரு பழைய நகரத்துக்குக் கீழே. அவருடைய ஞாபகத்தில் அது சாம்பல் நிறம். நிலக்கரிப் புகை சுவரில் படிந்து, துவைத்துக் காயப்போட்ட துணி மாலைக்குள் அழுக்காகிவிடும் நிறம். போரில் பெரிய அளவில் குண்டு விழாமல் தப்பிய ஊர் கெர்லிட்ஸ். கோதிக், மறுமலர்ச்சி, பரோக் என்று ஐந்நூறு வருடக் கட்டடங்கள் அப்படியே நின்றன. நின்றவற்றைப் பராமரிக்க சோஷலிச அரசிடம் பணமும் இல்லை, மனமும் இல்லை. கூரை ஒழுகி மாடி மாடியாக இறங்கிக்கொண்டிருந்தன. எண்பதுகளின் கடைசியில் சில தெருக்களைத் தகர்க்க வெடிமருந்துக்குத் துளை போட்டுவிட்டார்கள், சுவர் விழுந்ததால்தான் ஊர் பிழைத்தது என்று இன்றும் சொல்வார்கள்.

இன்று 4,000-க்கும் மேற்பட்ட பாதுகாக்கப்பட்ட கட்டடங்கள். மஞ்சள், இளஞ்சிவப்பு, பச்சை என்று பூச்சு. அதில் ஒரு மர்மமும் உண்டு. 1995 முதல் ஒவ்வோர் ஆண்டும் பெயர் சொல்லாத ஒருவரிடமிருந்து பழைய நகரத்தைப் புதுப்பிக்க 10 லட்சம் மார்க் வந்து சேர்ந்தது. யூரோ வந்த பிறகு 5,11,500 யூரோ. நிபந்தனை ஒன்றுதான்: யார் என்று தேடக்கூடாது. 2016 வரை பணம் வந்தது, பிறகு நின்றது. ரகசியம் காக்கத் தெரிந்த ஊர்.

அழகு திரும்பியதும் சினிமாக்காரர்கள் வந்தார்கள். ‘தி கிராண்ட் புடாபெஸ்ட் ஹோட்டல்’ படத்தில் வரும் அந்த ஹோட்டலின் உள்கூடம் ஹோட்டலே அல்ல. 1913-ல் திறந்து 2009-ல் மூடிய கெர்லிட்ஸின் பெரிய ஜவுளி மாளிகை அது. ‘இன்குளோரியஸ் பாஸ்டர்ட்ஸ்’, ‘தி ரீடர்’ படங்களுக்கும் கேமரா இங்கே வந்திருக்கிறது. ஊர் தன்னை ‘கெர்லிவுட்’ என்று விளம்பரம் செய்துகொள்கிறது. கோடம்பாக்கத்துக்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்தக் கடையில்தான் சிறுமியாக இருந்தபோது அம்மா அவருக்குப் பள்ளிக்கூட முதல் நாளுக்கான பை வாங்கிக் கொடுத்தார். இப்போது பூட்டிய கதவின் கண்ணாடியில் முகத்தை ஒட்டி உள்ளே பார்த்தால் படிக்கட்டும் கண்ணாடிக் கூரையும் தெரிகின்றன. ப்ரூனோ அவசரப்படுத்தியதால் அதற்கு மேல் நிற்கவில்லை.

இன்னொரு கட்டடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. புனித பேதுரு தேவாலயத்தின் அருகில், நதியைப் பார்த்தபடி நிற்கும் பழைய வாய்ட் கிடங்கு. வாய்ட் என்பது நீலச் சாயம் தரும் செடி. இந்த வட்டாரத்தில் அந்தச் சாயத்தை வாங்கவும் விற்கவும் கெர்லிட்ஸுக்கு வந்துதான் ஆக வேண்டும் என்ற உரிமையை வைத்துக் கொழுத்த ஊர் இது. அந்த வியாபாரத்தை ஐரோப்பா முழுவதும் முடித்துவைத்தது இந்தியாவிலிருந்து கப்பலில் போன அவுரி நீலம்.

அந்தக் கிடங்கிலிருந்து நாலு எட்டு வைத்தால் பாலம். அவருடைய குழந்தைப் பருவத்தில் அந்தப் பாலம் இல்லை. 1945 மே 7-ம் தேதி, போர் முடிய ஒரு நாள் இருக்கும்போது, பின்வாங்கிய ஜெர்மன் ராணுவம் அதை வெடிவைத்துத் தகர்த்தது. சில வாரங்களில் நதி எல்லையானது. ஒரே ஊராக இருந்தது கெர்லிட்ஸ், ஸ்கோஷெலெட்ஸ் என்று இரண்டானது. அவருடைய பாட்டியின் வீடு கிழக்குக் கரையில் இருந்தது. ஒரு கைவண்டியில் பாத்திரம் பண்டங்களோடு பாட்டி இந்தப் பக்கம் வந்தார், சில வாரத்தில் திரும்பிவிடலாம் என்ற எண்ணத்தில். சாகும் வரை கரையில் நின்று அந்த வீட்டுக் கூரையைப் பேத்திக்குக் காட்டிக்கொண்டிருந்தார். அந்த வீட்டுக்குக் குடிவந்த போலந்துக் குடும்பமும் விரும்பி வந்ததல்ல. அங்கே குடியேற்றப்பட்ட பலர், இன்று உக்ரைனில் இருக்கும் ஊர்களிலிருந்து விரட்டப்பட்டவர்கள். இதோடு ஆயிரக்கணக்கான கிரேக்க அகதிகளும் உள்நாட்டுப் போர் முடிந்து அங்கே வந்து சேர்ந்தார்கள். அந்தக் கரையில் யாருக்குமே அது பூர்வீக ஊர் இல்லை.

1950 ஜூலையில் அந்தக் கரையில் இருக்கும் மண்டபத்தில்தான் கிழக்கு ஜெர்மனியும் போலந்தும் இந்த எல்லையை ஏற்றுக் கையெழுத்திட்டன. ‘சமாதான எல்லை’ என்று பெயர். சமாதானம் இருந்தது, போக்குவரத்து இல்லை. 1972-ல் விசா இல்லாமல் போகலாம் என்றார்கள். பன்னிரண்டு வயது மகளை அப்பா வேறொரு பாலம் வழியாக அழைத்துப்போனார். அங்கே இசைத்தட்டு நன்றாகக் கிடைக்கும். இங்கே காலணி நன்றாகக் கிடைக்கும். இரண்டு கரைக்காரர்களும் அடுத்தவர் கடையைக் காலி செய்கிறார் என்று புலம்பிக்கொண்டே வாங்கினார்கள். 1980-ல் போலந்துத் தொழிலாளர் எழுச்சி தொற்றிக்கொள்ளும் என்று பயந்து கதவை மீண்டும் சாத்தினார்கள்.

பழைய இடத்தில் புதிய நடைபாலம் 2004-ல் வந்தது. 2007 டிசம்பரில் எல்லைச் சோதனையும் போனது. லோட்டே அந்தப் பாலத்தைத் தினம் இரண்டு முறை கடந்தது. அந்தக் கரையில் ரொட்டி மலிவு, முடிவெட்ட மலிவு, பெட்ரோலும் பெரும்பாலும் மலிவு. ஆனால் 2023 அக்டோபரில் ஜெர்மனி, குடியேறிகளைத் தடுக்கவென்று இந்த எல்லையில் மீண்டும் போலீஸை நிறுத்தியது. 2025 ஜூலையில் போலந்தும் பதிலுக்கு நிறுத்தியது. நாய்களின் பாஸ்போர்ட்டை அவர் தவறாமல் எடுத்துப்போனார். ஒருவரும் கேட்கவில்லை. பாட்டியின் வீட்டுக்கு முன்னால் இரண்டாவது வாரத்தில் ஒருநாள் நின்றார். சின்ன வீடு, புது ஜன்னல். உள்ளே ஒரு நாய் குரைத்தது, ப்ரூனோ பதில் சொன்னான். யாராவது வெளியே வருவதற்குள் நடந்துவிட்டார்.

தம்பியை ஏன் முதல் நாளே பார்க்கவில்லை என்று கேட்கத் தோன்றும். போன் செய்தார், வேலையிருக்கிறது என்று பதில் வந்தது. அது சாக்கும் அல்ல. 1849-ல் தொடங்கிய அந்தத் தொழிற்சாலை, இரட்டை மாடி ரயில் பெட்டிகளால் பேர் வாங்கியது. சுவர் விழுந்த பிறகு முதலாளிகள் மாறிக்கொண்டே இருந்தார்கள். கனடா நாட்டு பம்பார்டியே, 2021 முதல் பிரெஞ்சு நிறுவனமான ஆல்ஸ்தோம். ரயில் பெட்டி வேலையை இங்கே முடித்துக்கொள்வதாக ஆல்ஸ்தோம் அறிவித்தது. 2025 பிப்ரவரியில், தேர்தலுக்குச் சில வாரம் முன்பு, சான்ஸலர் ஷோல்ஸ் நேரில் வந்து நிற்க ஒப்பந்தம் போடப்பட்டது. கேஎன்டிஎஸ் என்ற ஆயுத நிறுவனம் ஆலையை எடுத்துக்கொள்ளும். இனி லியோபார்ட் டாங்கிகளுக்கும் மற்ற கவச வண்டிகளுக்கும் பாகங்கள். சுமார் 700 பேரில் பாதிப் பேருக்குத்தான் அங்கே வேலை என்றார்கள். 61 வயது வெல்டருக்கு அந்தப் பாதியில் இடம் உண்டா என்பது தம்பியின் கவலை. 176 வருடமாக ஜனங்களை ஏற்றிச் செல்லும் பெட்டி செய்த ஊர் டாங்கி செய்யலாமா என்பது அக்காவின் கேள்வி. கொலோனில் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு அந்தக் கேள்வியைக் கேட்பது சுலபம்தான்.

இந்த மாதிரிக் கணக்குகள் ஓட்டுப்பெட்டியில் விழுகின்றன. 2019 மேயர் தேர்தலில் வலதுசாரி ஏ.எஃப்.டி. கட்சி இந்த ஊரைப் பிடிக்கும் நிலைக்கு வந்தது. எதிர்த்து நின்றவர் ருமேனியாவிலிருந்து ஆர்க்கெஸ்ட்ராவில் டிரம்பெட் வாசிக்க வந்த ஓக்டாவியன் உர்ஸு. சினிமாக்காரர்கள் வெளிநாட்டிலிருந்து கடிதம் எழுதி ஊர் மக்களைக் கேட்டுக்கொண்டார்கள். 55 சதவீதத்தில் உர்ஸு ஜெயித்தார். ஆனால் நாடாளுமன்றத் தொகுதி 2017-லிருந்து ஏ.எஃப்.டி. தலைவர் ட்டீனோ க்ருபாலாவிடம்தான் இருக்கிறது, 2025-லும் அவர்தான். தம்பி யாருக்குப் போட்டார் என்று அக்கா கேட்கவில்லை. ருமேனிய நாய்க்கும் ருமேனிய மேயருக்கும் பொருத்தம் பார்த்துத் தெருவில் ஒருவர் ஜோக் அடித்தார். அது எந்தக் கட்சி ஜோக் என்று புரியவில்லை.

கடைசியில் சந்திப்பு நடந்தது ஊருக்குத் தெற்கே, பெர்ட்ஸ்டோர்ஃப் ஏரிக்கரையில். இவர்கள் சிறுவர்களாக இருந்தபோது அது ஏரி இல்லை, நிலக்கரிச் சுரங்கம். பெர்ட்ஸ்டோர்ஃப் கிராமமே அந்தக் குழிக்குள் போனது. 1997-ல் சுரங்கத்தையும் பக்கத்து அனல்மின் நிலையத்தையும் மூடினார்கள். 2002-ல் தண்ணீர் விடத் தொடங்கி, நிரம்ப 2013 ஆயிற்று. இப்போது சுமார் 960 ஹெக்டேர் நீலத் தண்ணீர், பாய்மரப் படகு. அக்காவும் தம்பியும் முதல் அரைமணி நேரம் நாய்களைப் பற்றி மட்டுமே பேசினார்கள். ப்ரூனோவின் கயிற்றைத் தம்பி வாங்கிக்கொண்டார். வடக்கே காட்டுப்பக்கம் போனால் அவிழ்த்துவிடாதே என்றார். ஓநாய் பயம். வேட்டையாடி ஒழித்து ஒன்றரை நூற்றாண்டு ஆன பிறகு, போலந்திலிருந்து நடந்து வந்த ஓநாய்கள் 2000-ல் இந்த லவுஸிட்ஸ் வட்டாரத்தின் ராணுவப் பயிற்சிக் காட்டில் குட்டி போட்டன. ஜெர்மனியில் மீண்டும் பரவிய ஓநாய்களுக்கெல்லாம் அதுதான் தொடக்கம். ஆட்டுக்காரர்களுக்கு எரிச்சல், சுற்றுச்சூழல்காரர்களுக்குக் கொண்டாட்டம். தம்பி ஆட்டுக்காரர் கட்சி.

கல்லறைக்கு மறுநாள் போனார்கள். பெரும்பாலான ஜெர்மன் கல்லறைத் தோட்டங்களுக்குள் நாயை விடமாட்டார்கள். அதனால் கேட்டுக்கு வெளியே இருவரில் ஒருவர் நின்றாக வேண்டும். தம்பி நின்றார். நீ போ, நான் வாராவாரம் வருகிறவன் என்றார். அக்கா தனியாக உள்ளே போய் முக்கால் மணி நேரம் இருந்தார். களை பிடுங்கப்பட்டு, பூச்செடிக்குத் தண்ணீர் விடப்பட்டு, கல் துடைத்திருந்தது. 38 வருடமாக அதைச் செய்தவர் வெளியே கையில் இரண்டு கயிறுகளோடு நின்றுகொண்டிருந்தார். திரும்பி வந்தபோது லோட்டே அவர் ஷூ மேல் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. டிரெஸ்டனில் அந்த இடம் கிடைக்காமல் போனதற்கு வருத்தப்படுகிறேன் என்று அக்கா அந்த இடத்தில்தான் சொன்னார், நாற்பத்தோரு வருடம் கழித்து. தம்பி, தெரியும் என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. மன்னித்துவிட்டதாகவும் சொல்லவில்லை.

குத்தகையை நீட்டிப்பது என்று முடிவாயிற்று. பணத்தை ஆளுக்குப் பாதி. ஆனால் படிவத்தில் பொறுப்பாளர் என்று ஒரு பெயர்தான் எழுத முடியும், தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர் பெயர். தம்பியின் மகன் ம்யூனிக்கில் இருக்கிறான், திரும்பி வர மாட்டான். தம்பிக்கு முதுகில் இரண்டு ஆபரேஷன் ஆகியிருக்கிறது. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தவர், ஜெர்மன் ஆண்களுக்கே உரிய முறையில் நேர்க் கேள்வியைத் தவிர்த்துவிட்டுப் பக்கவாட்டில் ஒரு கேள்வி கேட்டார். இரண்டு நாய்க்கும் சேர்த்து இந்த ஊரில் வரி எவ்வளவு என்று விசாரித்தாயா?

வந்த இரண்டாம் நாளே விசாரித்துவிட்டதாக அக்கா சொன்னார்.